இசக்கிராசா பேருல புள்ளி இல்ல

நீங்களும் மதுரைக்குத்தானா அண்ணாச்சி? அப்போ சரி. அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க, நானும் உக்காந்துக்கிடுதேன். இல்ல இல்ல, மேலுக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். மூஞ்சி இப்படிக் கெடக்குன்னா அது கோவம். கெட்ட கோவம். காலையில வந்த ஒரு போன்ல இருந்து பச்சைத் தண்ணி உள்ள எறங்கல. யார் மேல கோவம்னு கேளுங்களேன். நீங்க கேக்காட்டாலும் நா சொல்லத்தான் போறேன். சொல்லாட்டி மதுரை போறதுக்குள்ள நெஞ்சு வெடிச்சிரும்.

டிவியில கபடி பாப்பீங்கள்லா? யாரைப் பாப்பீங்க? பாடிப் போறவனைத்தானே! அவன் தொடையைத் தட்டுவான், மீசையை முறுக்குவான், கேமராவும் அவன் பின்னாலயே ஓடும். இல்லைன்னா அவன் காலைப் பிடிச்சு மடக்கிப் போட்டான் பாருங்க, அவனைப் பாப்பீங்க. காலைப் பிடிச்சவனுக்குப் பக்கத்துல ஒருத்தன் நின்னானே, அவன் பேரு என்ன? தெரியாதுல்லா? ஒங்களைச் சொல்லிக் குத்தமில்ல. ஆளை எடுக்கதுக்கு ஏலத்துல கோடி கோடியா அள்ளி வைக்கானுவ பாருங்க, அந்தப் பயலுவளுக்கே தெரியாது. கூறு கெட்டவனுவ!

எனக்குத் தெரியும். அதாம்லா என் வேலையே. என் பேரு சிவனணைஞ்சபெருமாள், சுருக்கமாப் பெருமாள்னு கூப்புடுவாங்க. லீக்குல ஆடுத ஒரு டீம், பேரு இப்போ வேண்டாம், அவங்களுக்குத் தெக்கத்திக் காலேஜுகள்ல எவன் நல்லா ஆடுதான்னு பாத்துச் சொல்லுதவன் நாந்தான். ஏலத்துக்கு முன்னால இளம்பயலுவளை மட்டும் தனியாப் பாத்து எடுப்பாங்க. வயசு தாண்டிட்டா அந்த வழி அடைச்சிரும். பெறவு பெரிய ஆட்களோட ஏலத்துல போயி நிக்கணும். பேரில்லாத பயலை அங்க எவன் சீந்துவான்? போன வருசம் நா சொன்ன ஒரு பய முழங்கால் போயி வீட்டுல உக்காந்துட்டான். அது என் தப்பாம்! முழங்காலை நானா செஞ்சேன்?

சரி, விசயத்துக்கு வாரேன். நாகர்கோயில்ல காலேஜுகளுக்குள்ள ஒரு போட்டி. கேலரி பூரா என்னைய மாதிரி ஆள் பாக்கவனுவ. எல்லாரும் எதுக்கு வந்திருக்கான்னா ஜெபஸ்டின்னு ஒரு பயலைப் பாக்க. கார்னர் நிக்கவன். ஓரத்துல பம்மிக்கிட்டே நிப்பான். பாடி வாறவன் காலைக் கொஞ்சம் அசால்ட்டா வச்சான்னா போதும், தரையோட தரையாப் பாஞ்சு கணுக்காலைக் கவ்விருவான். நல்ல பயதான், இல்லைங்கல. ஆனா நா அவனைப் பாக்கல. அவனுக்கு உள்பக்கமா, அவன் கையைக் கோத்துக்கிட்டு ஒருத்தன் நிக்கான் பாருங்க, கவர்னு சொல்லுவோம், அவனைப் பாத்தேன். அவந்தான் இசக்கிராசா.

ஒங்களுக்குப் புரியும்படியாச் சொல்லுதேன். காலை ஒருத்தன் பிடிச்சதோட வேலை முடிஞ்சு போச்சா? பாடி வந்தவன் சும்மா இருப்பானா? பிடிச்சவனையும் சேத்து இழுத்துக்கிட்டு நடுக்கோட்டுக்குப் பாய்வான். கை ஒரு நகக்கண்ணு கோட்டைத் தொட்டாலும் போச்சு. அப்போ எவன் குறுக்க வந்து மலை மாதிரி நிக்கான்? கவர் நிக்கவன். இடுப்பைக் கட்டி, கோட்டுக்கும் அவனுக்கும் நடுவுல தன் ஒடம்பைப் போட்டு, மூச்சு அடங்குத வரைக்கும் அமுக்கி வைக்கான். முழங்கை மூஞ்சியில இடிக்கும், முட்டு வயித்துல இடிக்கும், எல்லாம் இவனுக்குத்தான். விசில் அடிச்ச பெறவு புள்ளி யாரு பேருல? மொதல்ல பிடிச்சவன் பேருல! ஜெபஸ்டின் எந்திரிச்சுக் கையைத் தூக்குதான், கேலரி கத்துது. இசக்கிராசா ஒதட்டு ரத்தத்தைத் தொடைச்சிக்கிட்டுத் திரும்பவும் போயி அவன் கையைக் கோத்துக்கிட்டு நிக்கான். அந்தப் போட்டி முழுசும் இசக்கிராசா பேருல ஒத்தப் புள்ளி இல்ல, அண்ணாச்சி. ஒண்ணு கூட இல்ல.

ஆனா பாடி வந்தவன் ஒருத்தனும் கடைசி நேரத்துல அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. பயம்! எவனைப் பாத்துப் பயப்படுதானுவன்னு பாக்கணும், அதுக்குத்தான் கண்ணு வேணும். எனக்கு இருந்துச்சு. ஆட்டம் முடிஞ்சதும் நேரா எறங்கிப் போனேன். எல்லாவனும் ஜெபஸ்டினைச் சுத்தி நிக்கான், நா இவனை ஓரமாக் கூட்டிட்டுப் போயி ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னேன். குத்த வச்சு உக்காந்து எந்திரிக்கச் சொன்னேன். என் இடுப்பைப் பிடில, நா திமிறுதேன்னு சொன்னேன். ஆத்தாடி, தென்னை மரத்துல கட்டிப் போட்ட மாதிரி இருந்துச்சு. "ஒம் பேருல புள்ளி இல்லையேல, ஒனக்கு வருத்தம் இல்லையா?"ன்னு கேட்டேன். "ஜெபா பிடிச்சா நா பிடிச்ச மாதிரிதான் சார்"ங்கான். எனக்குக் கண்ணு கலங்கிட்டு. இந்த மாதிரிப் பயலை எங்க பாக்க முடியும்? கவர் வேலைன்னா என்ன, தன் பேரை மறந்துட்டு நிக்கதுதானே? பேரு வேணும்னு அலையுதவன் அந்த எடத்துல நிக்கவே முடியாது.

அவனைக் கண்டுபிடிச்சது நாந்தான். அதை இன்னைக்கு ஒரு பய சொல்ல மாட்டேங்கான் பாருங்க. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

அவன் வீட்டுக்கும் போனேன். ஆலங்குளத்துக்குப் பக்கம். அப்பா இல்ல, அம்மா பீடி சுத்துதா. மடியில இருந்த தட்டைக் கூட எறக்கி வைக்கல, "இதுல வேலை கெடைக்குமா சார்?"னு ஒரே கேள்விதான். "பம்பாயில எங்க அண்ணன் கடையில ஆள் கேக்கான். காலேஜு முடிஞ்சதும் அனுப்பி வைன்னு டிக்கெட்டே போட்டுட்டான்"னா. நா பதறிட்டேன். இந்த வருசம் விட்டா அவனுக்கு இளம்பயலுவ வயசும் தாண்டிரும், பெறவு பம்பாயில மூட்டைதான் தூக்கணும். "எம்மா, அவன் என் பொறுப்பு. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லு"ன்னு வாக்குக் குடுத்துட்டு வந்தேன். அவளும் கேன்சல் பண்ணிட்டா.

அப்படி வாக்குக் குடுத்தவனுக்கு அக்கறை இருக்குமா இருக்காதா? நீங்களே சொல்லுங்க.

மெட்ராஸ்ல செலக்‌ஷன். ஜெபஸ்டினும் வந்திருந்தான். டீம் கோச்சு கலியபெருமாள்னு ஒரு தஞ்சாவூர்க்காரன். ஒரு காலத்துல என்னைய எதுத்து ஆடினவன்தான், இப்போ டிராக் சூட்டு போட்டதும் பழசெல்லாம் மறந்து போச்சு. அவன் பக்கத்துல லேப்டாப்பை வச்சுக்கிட்டு ஒரு பய. எவன் எத்தனை பேரைப் பிடிச்சான், எத்தனை பேரை விட்டான்னு தட்டிக்கிட்டே இருக்கான். இந்த லேப்டாப்புல இசக்கிராசா எங்க தெரிவான்? சுழிதானே தெரியும்?

காலையில டிபன் சாப்புடும்போது பயலைத் தனியாக் கூப்பிட்டேன். "ஏல, இங்க பாரு. நீ காலேஜுல ஆடின ஆட்டம் இங்க எடுபடாது. அடுத்தவனுக்குத் தோள் குடுத்தா அதை லேப்டாப்புல ஒரு பயலும் தட்ட மாட்டான். எவன் கையையும் கோக்காத. தனியா நில்லு. பாடி வாறவனை நீயே போயிப் பிடி. புள்ளி ஒம் பேருல விழணும்"னேன். அவன் இட்லியைப் பிட்டுக் கையில வச்சுக்கிட்டே இருக்கான், வாயில போடல. "கையைக் கோக்காம எப்படி சார் நிக்க?"ங்கான். "நா சொல்லுதேன்லா, நா கேலரியில இருக்கேன், என்னையப் பாத்துக்கிடு. எப்போ பாயணும்னு நா கையைக் காட்டுதேன்"னேன். சரி சார்னான். தங்கமான பய, பெரியவங்க சொன்னா மறுத்துப் பேச மாட்டான்.

நல்ல நேரம், ஜெபஸ்டினையும் இவனையும் ஒரே பக்கம் போட்டாங்க. ஆட்டம் ஆரம்பிச்சுது. ஜெபஸ்டின் பழக்கத்துல கையை நீட்டுதான், இவன் கையைக் குடுக்கல. அப்படித்தான் நிக்கணும், எனக்குத் திருப்தி. ஒருத்தன் பாடி வந்தான். நா கையைக் காட்டினேன், இவன் பாய்ஞ்சான். அந்தப் பய சறுக்கு மரம் ஏறி எறங்குன மாதிரி நழுவிப் போயிட்டான். பரவால்ல, அடுத்தவன் வந்தான். திரும்பவும் காட்டினேன், திரும்பவும் போச்சு. இவன் கொஞ்சம் பிந்துதான், அண்ணாச்சி. நா காட்டி, இவன் என்னையப் பாத்து, பெறவு பாயுததுக்குள்ள பாடி வந்தவன் போயிருதான். வேகம் பத்தல பயலுக்கு.

அடுத்துதான் அந்த எழவு நடந்துச்சு. ஜெபஸ்டின் ஒருத்தன் கணுக்காலைச் சரியாக் கவ்விட்டான். இசக்கிராசா ரெண்டடி போனாப் போதும், குறுக்க விழுந்துரலாம். போகல. அண்ணாந்து என்னையப் பாக்கான். நா என்ன செய்ய? புள்ளி எப்படியும் ஜெபஸ்டின் பேருலதான் விழப் போகுது, இவன் எதுக்கு ஒடம்பை நோவடிக்கணும்னு, இருலன்னு கையைக் காட்டினேன். அந்தப் பாடி வந்தவன் ஜெபஸ்டினை ரப்பர் மேட்டோட தேச்சு இழுத்துக்கிட்டே போயிக் கோட்டைத் தொட்டுட்டான். ஜெபஸ்டினுக்குத் தோள்பட்டையில தோலு வழண்டு போச்சு.

அதுக்கு அப்புறம் பாருங்க, இந்தப் பய செஞ்ச வேலையை! ரெண்டாவது பாதி ஆரம்பிச்சதும் நேராப் போயி ஜெபஸ்டின் கையைக் கோத்துக்கிட்டான். நா கேலரியில எந்திரிச்சு நின்னு "கையை விடுல! கையை விடுல!"ன்னு தொண்டை கிழியக் கத்துதேன். திரும்பிக் கூடப் பாக்கல! பெறவு என்ன, பாடி வந்தவன் ஒருத்தனும் தப்பல. ஜெபஸ்டின் பாயுதான், இவன் அடைக்கான், அவன் பாயுதான், இவன் அடைக்கான். புள்ளி பூரா ஜெபஸ்டின் பேருல! லேப்டாப்புக்காரன் விரலு ஒடிஞ்சு போற மாதிரி தட்டுதான், எல்லாம் அவனுக்கு. என் பயலுக்கு ஒண்ணுமில்ல. நா தலையில அடிச்சுக்கிட்டேன்.

சாயங்காலம் பேரு வாசிச்சாங்க. ஜெபஸ்டின் உண்டு. இசக்கிராசா இல்ல.

எனக்கு வந்துதே ஆத்திரம்! நேரா கலியபெருமாள் ரூமுக்குள்ள போனேன். "ஒமக்குக் கண்ணு இருக்கா? கபடி தெரியுமா ஒமக்கு? பிடிச்சவனை மட்டும் எண்ணுதீரே, அடைச்சவனை எண்ணினீரா? கவர் இல்லாம கார்னர் ஏதுவே? பேரு விழுந்தவனை எடுக்கதுக்கு நீர் எதுக்கு, ஒரு கால்குலேட்டர் போதாதா?"ன்னு ஏசினேன். அந்த ஆளு கோவமே படல. டீயை நீட்டிட்டுச் சொல்லுதான், "உக்காருங்க பெருமாள். கவர் ஆட்டம் தெரியாமலா நான் இங்க உக்காந்திருக்கேன்? ரெண்டாவது பாதியில பாத்தேங்க, அவன மாதிரி அடைக்கிறவன் இப்ப லீக்குலயே கம்மி. ஆனா மொத பாதியில கூட்டாளி இழுபட்டுப் போறான், இவன் கேலரியப் பாத்துக்கிட்டு நிக்கிறான். இவன நம்பி என் கார்னர்காரன எப்படிங்க பாயச் சொல்றது? அது அவன் ஆட்டமாத் தெரியல. யாரு சொல்லிக் குடுத்தது?"ங்கான்.

நா "சின்னப் பய, பதட்டத்துல நின்னுட்டான்"னு சொன்னேன். ஏன் அப்படிப் பாக்கீங்க? பின்ன என்ன சொல்லச் சொல்லுதீங்க? என்னைய நானே விட்டுக் குடுத்தா, நாளைக்கு நா கூட்டிட்டுப் போற பயலுவளை எவன் எடுப்பான்? என் பேரு நின்னாத்தானே அவனுவளுக்கு வழி? பயலுவ நன்மைக்குத்தான் அண்ணாச்சி நா என் பேரைக் காப்பாத்துதேன்.

வெளிய வந்து பயலை நல்லா ஏசினேன். "நா சொன்னதை மொத பாதி கேட்டே, ரெண்டாவது பாதி கேக்கல. முழுசாக் கேட்டிருந்தா இன்னைக்கு நீ உள்ள இருப்பே. ஒங்க அம்மைக்கு நா என்ன பதில் சொல்ல?"ன்னேன். அவன் அழல, எதுத்தும் பேசல. "ஜெபாவுக்குத் தோளு கிழிஞ்சு போச்சு சார்"னு மட்டும் சொன்னான். கோட்டிக்காரப் பய! தன் வாழ்க்கை கிழிஞ்சது தெரியல, அடுத்தவன் தோளு தெரியுது.

அதோட முடிஞ்சுதுன்னு பாத்தா, இந்த ஜெபஸ்டின் பய இருக்கான்லா, அவன் கையெழுத்துப் போடப் போன எடத்துல கலியபெருமாள்கிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சிருக்கான். "மொத பாதியில இசக்கி ஆடல சார், கேலரியில இருந்த ஆள்தான் ஆடினாரு. அவனை இன்னொரு தடவை பாருங்க"ன்னு சொன்னானாம். எவ்வளவு திமிரு பாருங்க! அந்தக் கேலரியில இருந்த ஆள் இல்லைன்னா ஒனக்குப் பக்கத்துல நிக்கவன் யாருன்னு மெட்ராசுக்குத் தெரியுமால?

இன்னைக்குக் காலையில கலியபெருமாள் போன் பண்ணுதான். "மதுரையில ஒரு வாரம் கேம்ப்புங்க. இசக்கிராசாவ வரச் சொல்லிட்டேன். நல்லா செஞ்சா எடுத்துக்குவோம்"னான். சந்தோசத்துல, நா இப்பவே மதுரைக்குக் கெளம்பிட்டேன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள சொல்லுதான், "நீங்க மட்டும் வர வேண்டாம் பெருமாள். வாசல்லயே சொல்லி வச்சிருக்கேன், சங்கடப்படாதீங்க"ன்னு. எப்படி இருக்கும் எனக்கு? எனக்கும் அவனுக்கும் பழைய பகை அண்ணாச்சி. அவன் டீமை நா ஒரு காலத்துல மண்ணைக் கவ்வ வச்சேன், அதை மனசுல வச்சுக்கிட்டு இப்போ பழி வாங்குதான். வேற என்னவா இருக்க முடியும்?

நா விடுவேனா? அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுட்டேன்லா. அந்தப் பய தனியா என்ன செய்வான்? நா ஒரு ஓரமா உக்காந்து கையைக் காட்டினாத்தானே அவனுக்கு எப்போ பாயணும்னு தெரியும்? பெத்த அம்மைக்கு வாக்குக் குடுத்திருக்கேன். எந்த வாசல்ல எவன் நிக்கான்னு நானும் பாக்கேன்.

இருங்க, போன் அடிக்குது. அன்னா, அவந்தான்! ஆயுசு கெட்டி பயலுக்கு.

"ஏ மக்கா, எங்கல இருக்க?... போயிச் சேந்துட்டியா? சாப்புட்டியா?... நா வந்துக்கிட்டே இருக்கேன், இன்னா விருதுநகர் தாண்டிட்டேன்... என்னது?... ஏன் வர வேண்டாங்க? அந்தத் தஞ்சாவூர்க்காரன் சொன்னா நா கேக்கணுமால?... அவன் சொல்லலையா? பின்ன யாரு சொன்னா? அந்த ஜெபஸ்டினா?... என்னல முழுங்குத? சத்தமாச் சொல்லு, பஸ்ஸுல கேக்கல... யாரு?... நீயா?... நீயால சொன்ன?"

எல்லாத்தையும் சொல்லிட்டு வச்சுட்டான்.

அவனேதான் கேட்டிருக்கான் அண்ணாச்சி. கலியபெருமாள்கிட்ட அவனே போயி, "அவர் இருந்தா என் கண்ணு அவர் பக்கமே போவுது சார், அவர் வராம இருந்தா நா ஆடிருவேன்"னு கேட்டிருக்கான். எங்கிட்டயே சொல்லுதான் அதை. மரியாதைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல, வார்த்தைக்கு வார்த்தை சார்ங்கான். "ஜெயிச்சுட்டு மொத ஆளா ஒங்க வீட்டுக்குத்தான் வருவேன், இப்போ மட்டும் வராதீங்க சார்"ங்கான்.

எவன் சொல்லிக் குடுத்தான் இவனுக்கு இதெல்லாம்? எனக்குத் தெரிஞ்ச இசக்கிராசா எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டான். கெடுத்துட்டானுவ! பத்து நாளுகூட ஆகல, பயலைப் பூராவும் கெடுத்துட்டானுவ!

என்ன சொல்லுதீங்க? திருமங்கலத்துல எறங்கித் திரும்பிப் போகவா? நா எதுக்கு எறங்கணும்? டிக்கெட் மதுரைக்கு எடுத்திருக்கேன். உள்ள விடாட்டிப் போறான். கேம்ப்பு நடக்க எடம் பழைய கட்டடம், எனக்குத் தெரியும், பின்பக்கம் சுவரை ஒட்டி ஒரு சந்து உண்டு. அங்க போயி நிப்பேன். பாக்க முடியாட்டாலும் சத்தம் கேக்கும்லா? மேட்ல கால் வைக்க சத்தத்தை வச்சே நா சொல்லிருவேன், அவன் எங்க தப்பு பண்ணுதான்னு. வெளிய இருந்தே கத்தினா அவனுக்குக் கேக்காமலா போயிரும்? என் சத்தம் அவனுக்கு நல்லாத் தெரியும்.